மூன்று மணிநேரத் துடிப்பு: என்ஜிசி 4051 இல் நான் கண்டது உண்மையா?

வாவிக்கரை (வந்தாறுமூலை)

எல்லோருக்கும் வணக்கம். பௌதீகவியல் இறுதி ஆண்டு. விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் பெருங்கருந்துளைகளின் அருகில் இருந்து வரும் எக்ஸ் கதிர் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதுதான் நான் எடுத்த செயற்றிட்டம். தலைப்பைச் சொன்னதும் அம்மா கேட்டது: "அதுக்கு இங்க எங்க புள்ள தொலைநோக்கி இருக்கு?"

தொலைநோக்கியே வேண்டாம் என்பதுதான் இதன் வசதி. எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. மலை உச்சியில் பெரிய அவதானநிலையம் வைத்திருப்பவருக்கும் கல்லடிக் கடற்கரையில் நிற்கும் எனக்கும் ஒரே நிலைமைதான். இரண்டு பேரும் செய்மதி அனுப்பிய தரவைத்தான் இறக்க வேண்டும். ஒரு வருடம் கழிந்ததும் அது யாருக்கும் இலவசம்.

நான் எடுத்தது என்ஜிசி 4051 என்ற விண்மீன் மண்டலம். வானில் சப்தரிஷி நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் சுமார் 5 கோடி ஒளியாண்டு தூரம். நடுப்பகுதி மிகப் பிரகாசமான மண்டலங்களைப் பற்றி 1943 இல் கார்ல் செய்பெர்ட் எழுதிய கட்டுரையில் வந்த ஆறு மண்டலங்களில் இதுவும் ஒன்று. நடுவில் உள்ள கருந்துளை சூரியனைப் போல் ஏறத்தாழ 17 இலட்சம் மடங்கு நிறை. எக்ஸ்எம்எம்-நியூட்டன் செய்மதி 2009 இல் இதைப் பதினைந்து முறை பார்த்திருக்கிறது. அதில் ஒன்றை இறக்கி, 100 வினாடிக்கு ஒரு புள்ளியாக ஒளிவளைவு (நேரத்தோடு பிரகாசம் மாறும் வரைபடம்) போட்டேன்.

நேற்று இரவு இரண்டு மணிக்குக் கண்டது இது. ஏறத்தாழ 40,000 வினாடி நீளத் தரவில் மேடு, பள்ளம், மேடு, பள்ளம். கிட்டத்தட்ட 10,800 வினாடிக்கு ஒரு மேடு. அதாவது சரியாக 3 மணிநேரம். வலு நிறமாலை (எந்தக் கால அளவில் எவ்வளவு மாற்றம் என்று காட்டும் வரைபடம்) போட்டாலும் அதே இடத்தில் ஊசி மாதிரி நிற்கிறது. இதுவரை யாரும் சொன்னதாகத் தேடியதில் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் காட்டுவதற்கு முன் இங்கே கேட்கிறேன்.

களுவாஞ்சியான்

வாழ்த்துக்கள் தங்கச்சி! பேப்பரில் படம் வந்தால் இந்த இழையை மறந்துவிடாதீங்க.

எனக்கு விஞ்ஞானம் ஓ.எல் உடன் சரி. ஒரே ஒரு சந்தேகம். ஒரு மண்டலம் குறுக்காகவே ஆயிரக்கணக்கான ஒளியாண்டு இருக்கும் என்கிறீங்க. அது எப்படி மூன்று மணிநேரத்தில் கூடிக் குறையும்?

ஒலுவில்காற்று (சம்மாந்துறை)

களுவாஞ்சியார் கேட்டதுதான் இந்தத் துறையின் முதல் கேள்வி.

வருடப் பிறப்பன்று நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது கரையோரம் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் ஒரு வெடி கொளுத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒரு முனையில் நிற்கும் உங்களுக்கு அது ஒரே "டமார்" என்று கேட்காது. ஓசை ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 3 வினாடி எடுக்கும். ஆகவே அரை நிமிடத்துக்கு வெடி நீண்டு கேட்கும். ஒரே ஒரு "டமார்" மட்டும் கேட்டால், வெடித்த இடம் சின்னது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

ஒளிக்கும் இதே கணக்குத்தான். சில நிமிடத்தில் பிரகாசம் இரட்டிப்பானால், அந்த ஒளி வரும் இடம் சில ஒளிநிமிடத்துக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. மாறுவது மண்டலம் முழுவதும் அல்ல, அதன் நடுப்புள்ளி மட்டும். வாயு சுழன்றுகொண்டு விழும் தட்டின் உள்விளிம்பும், அதற்கு மேலே நிற்கும் கொதிவாயுவும். கொரோனா என்று இப்போது யாரைப் பார்த்துச் சொன்னாலும் பயப்படுகிறார்கள், ஆனால் பெயர் அதுதான்.

தங்கச்சியின் பொருளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17 இலட்சம் சூரிய நிறை என்றால் கருந்துளையின் ஆரை ஏறத்தாழ 50 இலட்சம் கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க 17 வினாடி. கருந்துளை சுழலாமல் இருந்தால், வாயு விழாமல் சுற்றக்கூடிய கடைசிப் பாதையில் ஒரு சுற்றுக்கு 13 நிமிடம் அளவில் ஆகும். மூன்று மணிநேரம் என்பது அதைவிடக் கொஞ்சம் வெளியே. நடக்கவே முடியாத விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

பழைய வாத்தியார்

பிள்ளை, மூன்று கேள்வி. கோபிக்க வேண்டாம்.

40,000 ஐ 10,800 ஆல் வகுத்தால் என்ன வரும்?

பின்னணியைக் கழித்தீர்களா, அல்லது களஞ்சியத்தில் ஏற்கனவே செய்து வைத்திருந்த ஒளிவளைவை அப்படியே எடுத்தீர்களா?

மற்றப் பதினான்கு அவதானிப்பிலும் அந்த மூன்று மணிநேரம் இருக்கிறதா?

வாவிக்கரை

சேர், 3.7. அதாவது நான்கு மேடு.

செய்து வைத்திருந்ததைத்தான் எடுத்தேன். என் மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம்தான், முழுத் தரவையும் போட்டால் மூச்சு விடாது.

மற்றப் பதினான்கையும் இன்னும் இறக்கவில்லை. ஆனால் சேர், மேடு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. படத்தைப் பார்த்த என் அறைத்தோழியும் "அலை மாதிரி இருக்கு" என்றாள். அவள் விலங்கியல், நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழைய வாத்தியார்

அறைத்தோழி பொய் சொல்லவில்லை. அலை மாதிரித்தான் இருக்கும். பிரச்சினையே அதுதான்.

முப்பது வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓடியவன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நம் வாவியின் நீர்மட்டத்தை எடுங்கள். ஒவ்வொரு நாளும் கோல் நட்டு அளந்து ஒரு வருடம் எழுதினால் என்ன கிடைக்கும்? இன்றைய மட்டம் நேற்றைய மட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரே இரவில் ஒரு ஆள் உயரம் ஏறி மறுநாள் இறங்காது. மேற்கே மழை பெய்தால் மெல்ல ஏறும், முகத்துவாரம் திறந்தால் இறங்கும். அந்தத் தாளில் சில மாதத்தை மட்டும் கிழித்து எடுத்துப் பார்த்தால் அழகாக மூன்று, நான்கு அலை தெரியும். "வாவி இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை மூச்சு விடுகிறது" என்று கட்டுரை எழுதலாம். அடுத்த தாளை எடுத்தால் அந்த அலை இருக்காது, வேறொரு அலை இருக்கும்.

இந்த மாதிரி ஏற்ற இறக்கத்துக்குச் சிவப்பு இரைச்சல் என்று பெயர். மெதுவான மாற்றம் பெரிதாக, வேகமான மாற்றம் சிறிதாக. செயற்படு மண்டலங்களின், அதாவது நடுக்கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் மண்டலங்களின், எக்ஸ் கதிர் முழுக்க முழுக்க இந்த வகை. இதைத் தெளிவாகக் காட்டியது எக்சோசாற் என்ற ஐரோப்பியச் செய்மதி, 1983 முதல் 1986 வரை இயங்கியது. மற்றச் செய்மதிகள் பூமிக்குப் பக்கத்தில் சுற்றியதால் ஒன்றரை மணிநேரத்துக்கு ஒருமுறை பூமி குறுக்கே வந்து மறைத்துவிடும். எக்சோசாற்றின் பாதை மிக நீளம், ஒரு சுற்றுக்கு 90 மணிநேரம். அதனால் கண் சிமிட்டாமல் நாள்கணக்கில் பார்க்க முடிந்தது. எல்லோரும் அதில் ஒரு துடிப்பைத் தேடினார்கள். கிடைத்தது துடிப்பு அல்ல, எல்லாக் கால அளவிலும் ஒரேயடியாக நெளியும் கோடு.

எக்ஸ்எம்எம் உம் அந்த வழிதான், 48 மணிநேரப் பாதை. நீங்கள் அதைத் தேர்ந்தது நல்லது. சுவிஃப்ட், நைசர் மாதிரித் தாழப் பறப்பவற்றின் தரவை எடுத்திருந்தால் இந்நேரம் 96 நிமிடத் துடிப்புக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

களுவாஞ்சியான்

சேர் சொல்வதைக் கேட்க எனக்கு நம் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்தான் ஞாபகம் வருகிறது. பூரணை இரவில் தோணியை நிறுத்தி, சவளின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். எங்கள் அப்பப்பா கேட்டவர். நான் போன அன்று கேட்டது தூரத்தில் போன எஞ்சின் போட்டின் சத்தம். அரைமணிநேரம் அதைத்தான் மீன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

தான்தோன்றி

மட்டக்களப்பான் எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் பாடும் மீனில் கொண்டுபோய்த்தான் விடுவான்.

ஒலுவில்காற்று (சம்மாந்துறை)

தான்தோன்றி, இந்த முறை களுவாஞ்சியார் தெரியாமலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அந்த எஞ்சின் போட் சத்தம்தான் சேர் கேட்ட இரண்டாவது கேள்வி, அதாவது பின்னணி.

எக்ஸ்எம்எம் இன் கண்ணாடிகள் எக்ஸ் கதிரை மட்டும் குவிப்பதில்லை. பூமியின் காந்தப்புலத்தில் அலையும் மெதுவான புரோத்தன்களையும் சேர்த்துக் குவித்துவிடும். அந்த நேரத்தில் எண்ணிக்கை திடீரென்று எகிறும். மண்டலம் பிரகாசமானது போலவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. 10 முதல் 12 கிலோ இலத்திரன்வோல்ற்று (எக்ஸ் கதிரின் சக்தியை அளக்கும் அலகு) வரையான உயர்சக்தி எண்ணிக்கையை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அந்தச் சக்தியில் மண்டலத்தின் ஒளி மிகக் குறைவு, புரோத்தன் அப்படியே நிற்கும். எக்ஸ்எம்எம் இன் பிஎன் கமெராவில் எண்ணிக்கை வினாடிக்கு 0.4 ஐத் தாண்டும் நேரத்தை வெட்டி எறிவது வழக்கம். பின்னணி எழும்பியிருந்த நேரத்தில் விழுந்த எந்த மேட்டையும் நம்ப முடியாது.

தங்கச்சி, நினைவகம் போதவில்லை என்றால் நான்கு நான்காகக் கட்டளையை எழுதி அனுப்புங்கள். என்னிடம் லினக்ஸ் கணினி ஒன்று இரவில் சும்மாதான் இருக்கிறது.

ஆனால் சேரிடம் ஒரு இடத்தில் முரண்படுகிறேன். துடிப்பே கிடையாது என்ற மாதிரி முடித்துவிட்டீர்கள். ஆர்இ ஜே1034+396 என்ற மண்டலத்தை என்ன செய்வது? 2007 இல் எக்ஸ்எம்எம் பார்த்தபோது ஏறத்தாழ ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை கூடிக் குறைந்தது. 2008 இல் நேச்சர் இதழில் வந்தது. பிறகு ஜிஎஸ்என் 069. 2018 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள், அமைதியாக இருந்த மண்டலம் திடீரென்று வெடித்து அடங்கி மறுபடி வெடித்தது. அடுத்த மாதம் நீளமாகப் பார்த்தபோது 9 மணிநேரத்துக்கு ஒன்றாக ஐந்து வெடிப்பு. எல்லாவற்றையும் இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தால் இவை கிடைத்திருக்குமா? புதிதாக வரும் பிள்ளைகளிடம் "உனக்குத் தெரிவது பொய்" என்றே சொல்லிச் சொல்லி நாம் அவர்களின் கண்ணைக் கட்டிவிடுகிறோம் என்று எனக்கு ஒரு மனக்குறை.

பழைய வாத்தியார்

தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஜிஎஸ்என் 069 பற்றி வாதமே இல்லை. அங்கே வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையில் கோடு தட்டையாகக் கிடக்கும். சிவப்பு இரைச்சல் அப்படித் தட்டையாகக் கிடக்காது. அதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம்.

ஆர்இ ஜே1034 இல் தொடர்ச்சியாகப் பதினாறு சுற்று அளவில் கிடைத்தது. 3.7 அல்ல. அப்படியிருந்தும் பலர் நம்ப மறுத்தார்கள். இடையில் சில அவதானிப்பில் அது காணாமலும் போனது. 2018 இல் திரும்பத் தெரிந்த பிறகுதான் பலரின் வாய் அடைத்தது.

கண்ணைக் கட்டச் சொல்லவில்லை. ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யச் சொல்கிறேன். 1995 இல் டிம்மரும் கோனிக்கும் ஒரு முறை எழுதி வைத்தார்கள். உங்கள் தரவின் வலு நிறமாலைக்கு என்ன சரிவு இருக்கிறதோ அதே சரிவுள்ள பொய் ஒளிவளைவைக் கணினியே உருவாக்கும். அதில் துடிப்பு எதுவும் கிடையாது என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும், நாம்தானே செய்தோம். பைதனில் ஸ்டிங்ரே என்ற நூலகத்தில் தயாராகவே இருக்கிறது. ஆயிரம் பொய் வளைவு செய்து, உங்கள் ஊசி அளவுக்கு உயரமான ஊசி எத்தனையில் வருகிறது என்று எண்ணுங்கள். கவனம், மூன்று மணிநேரத்தில் மட்டும் தேடக்கூடாது. நீங்கள் முதலே மூன்று மணிநேரம் என்று சொல்லிவிட்டா தரவைத் திறந்தீர்கள்? எங்கே ஊசி வந்திருந்தாலும் துள்ளியிருப்பீர்கள். ஆகவே எந்த மீடிறனில் வந்தாலும் எண்ண வேண்டும்.

திருக்கோவிலூடாக

இடையில் புகுந்ததற்கு மன்னிக்க. அஸ்ட்ரோசாற் தரவையும் இந்த வேலைக்கு எடுக்கலாமா? இந்தியாவின் செய்மதி, 2015 செப்டெம்பர் 28 இல் ஸ்ரீஹரிக்கோட்டாவில் இருந்து ஏவியது. அதன் பாதைச் சாய்வு 6 பாகைதான். நாம் ஏறத்தாழ ஏழரைப் பாகையில் இருக்கிறோம். சில சுற்றுகளில் நமக்குக் கொஞ்சம் தெற்கே, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலாகப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் இருந்து ஒரு சொந்தம் மாதிரி.

ஒலுவில்காற்று (சம்மாந்துறை)

எடுக்கலாம் நானா, தரவு பொதுவில் இருக்கிறது. எக்ஸ் கதிரையும் புறஊதாவையும் ஒரே நேரத்தில் பார்க்கும், அது அதன் பெரிய பலம். ஆனால் தாழப் பறப்பது. சேர் சொன்ன அந்த ஒன்றரை மணிநேர ஓட்டை இங்கும் விழும். மெதுவான மாற்றம் தேடுபவருக்கு நல்லது, வாவிக்கரையின் வேலைக்கு எக்ஸ்எம்எம் தான்.

வாவிக்கரை

ஒன்பது நாள் ஆகிவிட்டது. பரீட்சை, அதோடு இரண்டு நாள் மழைக்குக் கரண்ட் இல்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் போட். உயர்சக்தி எண்ணிக்கையைத் தனியாகப் போட்டேன். நான்காவது மேடு முழுக்கப் புரோத்தன். வெட்டியதும் மேடு போய்விட்டது. ஆகவே என்னிடம் இருந்தது நான்கு அல்ல, மூன்று.

பிறகு நானா (ஒலுவில்காற்று) தன் கணினியில் மற்றப் பதினான்கையும் ஓட்டி அனுப்பினார். கோடி நன்றி. ஒன்றில் இரண்டு மணிநேரம் மாதிரி ஒரு அலை. இன்னொன்றில் ஐந்து. ஒன்றில் வெறும் சரிவு, தொடக்கத்தில் இருந்து முடிவு வரை இறங்கிக்கொண்டே போகிறது. மூன்று மணிநேரம் எதிலும் இல்லை.

கடைசியாகப் பொய் வளைவு. ஆயிரம் செய்தேன். ஐந்தில் ஒன்றுக்கு மேல் என் ஊசியை விட உயரமான ஊசி. அதைவிட ஒரு வேலை செய்தேன். பத்துப் பொய் வளைவோடு என் உண்மை வளைவையும் கலந்து அச்சடித்து அறைத்தோழியிடம் கொடுத்து, "இதில் துடிப்பு உள்ளது எது?" என்றேன். அவள் எடுத்தது பொய் ஒன்று. எனக்கே வளைவின் இலக்கம் தெரியாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அழுகை வந்தது உண்மை. மேற்பார்வையாளரிடம் காட்டாமல் இங்கே கேட்டது நல்லதாய்ப் போச்சு.

இனி என்ன செய்வது? சமர்ப்பிக்க இரண்டரை மாதம் இருக்கிறது. தலைப்பை மாற்றிவிடவா?

பழைய வாத்தியார்

ஏன் மாற்ற வேண்டும்? பதினைந்து அவதானிப்பும் சுத்தம் செய்து கையில் இருக்கிறது. பாதி வேலை முடிந்துவிட்டது.

இரைச்சல் என்றதும் குப்பை என்று நினைத்துவிட்டீர்கள். அந்த நெளிவுக்குள்தான் விஷயம் இருக்கிறது. ஒளிவளைவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் சராசரிப் பிரகாசம் எவ்வளவு, அது எவ்வளவு ஆடுகிறது என்று இரண்டு எண் எடுங்கள். ஒன்றுக்கு எதிராக மற்றதை வரையுங்கள். 2001 இல் அட்லியும் மெக்கார்டியும் இதைச் செய்தார்கள். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற சின்னக் கருந்துளையிலும், அதைவிட இலட்சக்கணக்கான மடங்கு பெரியவற்றிலும் ஒரே மாதிரி வந்தது. பிரகாசம் கூடினால் ஆட்டமும் அதே விகிதத்தில் கூடும்.

இது ஏன் முக்கியம்? வெவ்வேறு இடத்தில் தனித்தனிப் பொறிகள் வெடித்து அவை ஒன்றோடு ஒன்று கூட்டப்பட்டால் இப்படி வராது. பெருக்கப்பட வேண்டும். மறுபடி வாவிக்கே வருகிறேன், தான்தோன்றி மன்னிக்க. மேற்கே தூரத்தில் பெய்த மழையால் வெள்ளம் மெல்ல ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் மேல் கிளையாறுகளின் ஏற்றம் ஏறுகிறது. முகத்துவாரத்துக்கு வரும்போது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. வாயுத் தட்டிலும் வெளியில் தொடங்கிய மெதுவான ஏற்ற இறக்கம் உள்ளே போகப் போக வேகமானவற்றைத் தன் மேல் ஏற்றிக்கொள்கிறது என்று 1997 இல் லியுபார்ஸ்கி எழுதினார். கடைசியில் உள்விளிம்பில் நமக்குத் தெரிவது எல்லாவற்றின் பெருக்கம்.

களுவாஞ்சியான்

வெள்ளம் கூடிய வருடம் அலையும் பெரிசு. இது எங்களுக்கு எப்பவோ தெரியும் சேர்.

வாவிக்கரை

சேர், வரைந்துவிட்டேன்! புள்ளிகள் சிதறித்தான் இருக்கின்றன, ஆனால் பதினைந்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நேர்கோடு. இந்த முறை பொய் வளைவோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். டிம்மர், கோனிக் முறையில் செய்தவற்றில் இந்தச் சரிவு வரவில்லை, கோடு கிடையாகக் கிடக்கிறது. ஆகவே இது வெறும் இரைச்சலில் தானாக வரும் ஒன்றில்லை, சரியா?

ஒரே ஒரு இடறல். ஆட்டம் பூச்சியமாகும்போது பிரகாசமும் பூச்சியமாக வேண்டும் அல்லவா? என் கோடு அச்சுகள் சந்திக்கும் இடத்தினூடாகப் போகவில்லை. பிரகாச அச்சைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வெட்டுகிறது. பின்னணியை மறுபடி சரிபார்த்தேன், அது இல்லை. எங்கே பிழை விட்டேன்?

பழைய வாத்தியார்

அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். ஆடாத ஒளி ஒரு பங்கு எப்போதும் கலந்து வருகிறது என்று வைத்துப் பாருங்கள். கோடு அப்படித்தான் தள்ளி வெட்டும்.

1998 மே மாதம் இதே என்ஜிசி 4051 இன் நடுப்பகுதி கிட்டத்தட்ட அணைந்தே போனது. பெப்போசாக்ஸ் என்ற செய்மதி அப்போது பார்த்தது. நடுவில் விளக்கு அணைந்த பிறகும் கொஞ்சம் எக்ஸ் கதிர் வந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தபோது புறப்பட்ட ஒளி, தூரத்து வாயுவில் பட்டு எங்களிடம் தாமதமாக வந்து சேர்ந்தது. அந்தத் தூரத்து வாயு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. முதலில் அந்தக் கட்டுரைகளைத் தேடி வாசியுங்கள். பிறகு உங்கள் கோட்டை மென்சக்தி (குறைந்த சக்தி), வன்சக்தி (கூடிய சக்தி) என்று இரண்டாகப் பிரித்து வரைந்து, எதில் எவ்வளவு தள்ளி வெட்டுகிறது என்று சொல்லுங்கள்.

வாவிக்கரை

இன்றிரவே பார்க்கிறேன் சேர். நானா, வன்சக்திக்கு 2 முதல் 10 கிலோ இலத்திரன்வோல்ற்று வரை எடுத்தால் போதுமா? உங்கள் கணினி இன்றும் சும்மாவா?

ஒலுவில்காற்று (சம்மாந்துறை)

போதும். சும்மாதான், கட்டளையை அனுப்புங்க தங்கச்சி.